பியானோ வகுப்பைப் பாதியில் விடும் பிள்ளைகள்: வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். பெரம்பூரில் பிள்ளைகளுக்குப் பியானோ கற்றுத்தருகிறேன். 2019இல் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் வென்றதைப் பார்த்து ஆசைப்பட்டவர்களும், தேவாலயப் பாடகர் குழுவுக்கு வாசிக்க விரும்பியவர்களும் என்னிடம் சேர்ந்தார்கள். ஆனால் பத்தாம் வகுப்பு வந்ததும் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். வீட்டில் 61 கட்டைக் கீபோர்டில் பழகிவிட்டு, 88 கட்டைகள் கொண்ட பியானோவின் கனத்துக்கு விரல் பழகாமல் சோர்ந்துபோகிறவர்களும் உண்டு. பியானோ தேர்வுப் பாடங்களுக்கு நடுவே, பிடித்த திரைப்பாடலை முதன்முறையாக இரு கைகளாலும் வாசித்த மாணவி, அடுத்த வகுப்புக்கு முன்னதாகவே வந்து நின்றாள்; சான்றிதழைவிட அந்த மகிழ்ச்சிக்கே வலு அதிகம் என்று நம்புகிறேன். பதின்வயதிலும் விடாமல் வாசித்தவர்கள், உங்களைத் தொடரவைத்தது எது என்று விரிவாக எழுதுங்கள். ராயபுரம், வியாசர்பாடிப் பக்கம் மாணவர்கள் மாலையில் பியானோ பழக இடம் தரக்கூடிய பள்ளியோ தேவாலயமோ இருந்தால், அதையும் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.