டாலமியின் பூமி மையக் கொள்கை மூடநம்பிக்கையா?

மாடிவானம்:
பூமியை நடுவில் வைத்த டாலமியை மூடநம்பிக்கைக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 2025 ஜனவரியில் மொட்டை மாடியில் நின்று செவ்வாயின் இடத்தை நோட்டில் குறித்துவந்தேன். புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் அது வக்ரமாக, மேற்கு நோக்கிப் போனது. நன்றாகப் பிரகாசித்ததும் அந்த நாட்களில்தான். கி.பி. 150 வாக்கில் அலெக்சாந்திரியாவில் இருந்த டாலமி இரண்டுக்கும் சேர்த்தே விடை சொன்னார். பெரிய வட்டத்தின் மேல் ஒரு சிறு வட்டம், அதில் கிரகம். உள்பக்கம் வரும்போது பின்னால் போவதுபோல் தெரியும், பூமிக்கும் நெருங்கும். இவ்வளவு பொருந்துவதை மூடநம்பிக்கை என்று எப்படிச் சொல்வது?

உரைகல்:
செவ்வாய் சரி, நிலாவை ஏன் விட்டுவிட்டீர்கள்? அவர் கணக்குப்படி அரைநிலாச் சமயத்தில் நிலா ஏறக்குறையப் பாதித் தூரத்துக்கே வந்துவிடலாம். அப்படியானால் அதன் விட்டம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தெரிய வேண்டும். கையை நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துப் பார்த்தாலே பிசகு தெரிந்துவிடும். கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே சாமோஸ் தீவின் அரிஸ்டார்க்கஸ் சூரியனை நடுவில் வைத்தாரே! அதை ஒதுக்கியது பெரியவர்கள் சொல்லுக்கு இருந்த அதிகாரம்தான்.

மாடிவானம்:
நிலா விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. 14ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் இப்னு அல் ஷாதிர் அதைத் திருத்தினார், பூமியை நடுவில் வைத்தபடியே. ஆனால் அரிஸ்டார்க்கஸை மறுத்தவர்களிடம் வலுவான கேள்வி இருந்தது. பூமி நகர்ந்தால் ஆறு மாதத்தில் நட்சத்திரங்கள் கொஞ்சமாவது இடம் மாறித் தெரிய வேண்டாமா? ஒரு விரலை முகத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள், விரல் தாவும். அந்தத் தாவல் வானத்தில் இல்லை. 1838இல் பெஸல் ஒரு நட்சத்திரத்துக்கு அதை அளந்தபோது, ஒரு பாகையில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. வெறுங்கண்ணுக்கு எங்கே தெரியும்?

கடலோடி:
இடையில் ஒரு வழியும் இருந்தது. 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கேரளத்து நீலகண்ட சோமயாஜி, ஐந்து கிரகங்களும் சூரியனைச் சுற்றும், சூரியன் பூமியைச் சுற்றும் என்று எழுதினார். 1588இல் டைக்கோ பிராஹே வெளியிட்டதும் கிட்டத்தட்ட இதுவே. 1610இல் கலிலியோ தொலைநோக்கியில் வெள்ளி தேய்ந்து வளர்வதைப் பார்த்தார். டாலமியின் அமைப்பில் வெள்ளி ஒருநாளும் முழுவட்டமாகத் தெரிய முடியாது. டைக்கோவின் அமைப்பில் முடியும். அதனால் பூமி மையம் அன்றோடு முடியவில்லை.

உரைகல்:
அதுவரை ஏற்கிறேன். ஆனால் பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கோபர்நிக்கஸின் நூலுக்கு 1616இல் ரோமில் தடை, 1633இல் கலிலியோவுக்குத் தண்டனை. சான்று போதாது என்றால் வாதாடுங்கள், வாயை ஏன் கட்டுகிறீர்கள்? என் கோபம் அங்கேதான்.

மாடிவானம்:
அந்தக் கோபம் எனக்கும் உண்டு. அந்தப் பழியை டாலமி தலையில் கட்டாதீர்கள், அவ்வளவுதான். சிறு வட்டங்களைக் கோபர்நிக்கஸாலும் விட முடியவில்லை. டைக்கோ குறித்துவைத்த செவ்வாயின் இடத்துக்கும் தன் வட்டக் கணக்குக்கும் 8 கலை (ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) வித்தியாசம் வந்தபோது, கெப்ளர் அதைச் சும்மா விடவில்லை. முழுநிலாவின் அகலத்தில் கால்வாசிதான் அது. அதற்காக வட்டத்தையே தூக்கிப் போட்டுவிட்டு, 1609இல் நீள்வட்டத்தை வெளியிட்டார்.