சோடியக் குறைவா, சோடிய நீர்ப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில், ஹைப்போநட்ரீமியாவுக்கு (இரத்தத்தில் சோடியத்தின் அளவு தாழ்ந்திருப்பதற்கு) 'குருதி உவர்க்குறை' என்று ஒரு சொல் வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவரின் வீட்டில் அந்தச் சொல் என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

என் பெரியப்பாவுக்கு சிரோசிஸ், அதாவது இந்த ஈரல் சுருக்க நோய்தான். ஒருமுறை இரத்தப் பரிசோதனையில் சோடியம் 126 (135க்குக் கீழே போனாலே தாழ்வு). "சோடியம் குறைஞ்சிருக்கு" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். அன்று இரவே பெரியம்மா கஞ்சியில் உப்பைக் கூட்டிவிட்டார். அவர் மீது என்ன தப்பு? குறைந்ததை ஈடுகட்டத்தானே யாருக்கும் தோன்றும். சில நாளில் காலும் வயிறும் இன்னும் வீங்கின.

உண்மையில் இந்த நோயாளிகளின் உடம்பில் மொத்தச் சோடியம் கூடித்தான் இருக்கிறது. ஈரல் இறுகினால், குடலிலிருந்து ஈரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறுகிறது. குடல் பக்கத்துத் தமனிகள் விரிகின்றன. ஓடும் இரத்தம் போதவில்லை என்று எண்ணி உடம்பு, தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்லும் வாசோபிரெசின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீரகம் உப்பையும் பிடித்து வைக்கிறது, தண்ணீரை அதைவிட அதிகமாகப் பிடித்து வைக்கிறது. ரசத்தில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றிய கதை.

அதனால் இதற்கு 'சோடிய நீர்ப்பு' என்கிறேன். 'நீர்த்த அமிலம்' பள்ளியில் படித்ததுதான். மோர் நீர்த்துப்போச்சு என்று வீட்டிலும் சொல்கிறோம். இதைக் கேட்டவர் கை உப்பு ஜாடிக்குப் போகாது, தண்ணீரைப் பற்றி விசாரிப்பார். சோடியம் 125க்குக் கீழே போனால் மருத்துவர்கள் பெரும்பாலும் அளக்கச் சொல்வதும் தண்ணீரைத்தான்: நாளுக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர்.

ஒரு சிக்கல் உண்டு. நீர் பிரிய வைக்கும் மாத்திரை மிகுந்தாலோ வயிற்றுப்போக்கு கண்டாலோ இதே நோயாளிக்குச் சோடியம் உண்மையாகவே வெளியேறிவிடும். அப்போது மாத்திரையை நிறுத்தி, இழந்ததை ஈடுகட்ட வேண்டும், வைத்தியமே வேறு. அதைச் 'சோடிய இழப்பு' எனலாம். இரண்டுக்கும் பொதுவாக, 135க்குக் கீழ் என்ற அளவை மட்டும் சுட்ட, 'சோடியத் தாழ்வு' போதும். வானிலைச் செய்தியில் காற்றழுத்தத் தாழ்வு என்று கேட்டால் யாரும் அதை நிரப்பக் கிளம்புவதில்லையே.

ஈர்த்தல்–ஈர்ப்பு, சேர்த்தல்–சேர்ப்பு போல 'நீர்ப்பு' என்று அமைத்தேன். இலக்கணம் அறிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்: இது நிற்குமா, இல்லை 'நீர்த்தல்' என்றே விட்டுவிடலாமா?