மீன்பிடித் தடைக்காலத்துல வீட்ல பார்க்க கடல் படங்கள்: எதுக்கு எத்தனை மார்க்?

மண்டபம்_வடகரை:
ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எல்லாம் கரையில. ராத்திரி வீட்டோட உட்கார்ந்து படம் பார்க்கிற காலம் இது. கடல் படமா நாலு பார்த்தாச்சு. பத்துக்கு மார்க்: டூரிஸ்ட் ஃபேமிலி 8, நீர்ப்பறவை 7, மரியான் 6, 'கடல்'ங்கிற பேர்லயே வந்த படம் 5.

ரெண்டு விஷயம் கேட்கணும். படகு, வலை, காத்து எல்லாம் ஓரளவாவது சரியா காட்டின படம் எது? அடுத்தது, அந்த 'கடல்' படத்துக்கு 5 போட்டதுக்குப் பாதி காரணம், கடைசிப் புயல்ல யார் எங்க நிக்கிறாங்கன்னே தெரியல. பேச்சு முணுமுணுன்னு கேக்குது, பாட்டு வந்தா வீடே அதிருது. படத்தோட குறையா, டிவியோட குறையா? 43 இன்ச் எல்இடி, 'விவிட்' மோட்ல இருக்கு.

தங்கச்சிமடம்_வல்லம்:
அண்ணே, கடல் படம் உண்மையா பொய்யான்னு பார்க்க முதல்ல படகோட நீர்மட்டத்தைப் பாருங்க. மீன் ஏத்திக்கிட்டு வர்ற படகு அமுங்கி வரணும், ஓரப் பலகைக்கும் தண்ணிக்கும் கொஞ்சந்தான் இடைவெளி இருக்கும். முக்கால்வாசிப் படத்துல 'நல்ல பாடு' (நிறைய மீன்)னு வசனம் வரும், படகு மட்டும் காலிக்குடம் மாதிரி துள்ளிக்கிட்டு வரும்.

அடுத்தது வலை இழுக்கிற கை. நனைஞ்ச வலையை யாரும் தோள் பலத்தால இழுக்க மாட்டாங்க. முழங்காலைப் படகோட ஓரத்துல முட்டுக் கொடுத்து, இடுப்பைப் பின்னால சாய்ச்சு, கை மாத்தி கை மாத்தி வாங்கணும். அலை படகைத் தூக்கும்போது பிடிச்சு நிறுத்தணும், இறங்கும்போதுதான் வலை லேசா வரும், அப்போ வாங்கணும். இந்தத் தாளம் நடிகர் கையில இல்லேன்னா ஒரே ஷாட்ல தெரிஞ்சுடும். வலையில தண்ணி சொட்டுதான்னும் கவனிங்க. காய்ஞ்ச வலையை இழுக்கிற படங்கள் நிறைய இருக்கு.

மூணாவது சத்தம். நாட்டுப்படகு டீசல் எஞ்சின் 'டொக் டொக்'னு விட்டு விட்டுத்தான் அடிக்கும். பல படத்துல அதுக்கு மேல கார் எஞ்சின் மாதிரி ஒரே இழுப்பா ஒரு சத்தத்தை ஒட்டிடுறாங்க. கரையில வளர்ந்த காதுக்கு அது பெரிய உறுத்தல்.

இந்தக் கணக்குல என் மார்க். நீர்ப்பறவை (2012) 8. படகு ஒருத்தனுக்கு எப்படிக் கைக்கு வருது, கடலுக்குப் போக யாருக்கு உரிமைன்னு ஊர் எப்படிப் பேசுது, இதையெல்லாம் கதைக்குள்ள கொண்டு வந்த படம் அது. மத்தவங்க படகைச் சும்மா பின்னணியா நிறுத்துவாங்க. மரியான் (2013) கடல் காட்சிக்கு 8, கதைக்கு 6. மூச்சடக்கித் தண்ணிக்குள்ள போற காட்சியில உடம்பு அவசரப்படாம இறங்குது, அது சரியான பிடி. ஆனா அந்தத் தெளிஞ்ச தண்ணியை வருஷம் பூரா எதிர்பார்க்க முடியாது. கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிக்கிற ஆனி ஆடியில நம்ம தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கலங்கிடும். வாடைக்கு (வடகிழக்குக் காத்துக்கு) வடகடல், அதாவது பாக் நீரிணை, கலங்கும். கடல் (2013) படத்துக்கு 6. மணப்பாடு பக்கம் எடுத்த காட்சிகள்ல அலை நீளமா, உயரமா வரும். அது திறந்த கடலோட அலை. பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு, அலை குட்டையா, நெருக்கமா, படகோட பக்கவாட்டுல சடசடன்னு அடிக்கும். அதனால நம்ம ஊர்க்காரங்களுக்கு அந்தப் படம் கொஞ்சம் அந்நியமாத் தெரியும். அதை வச்சு மார்க் குறைக்கிறது நியாயமில்லை.

இன்னொண்ணு, பாம்பன் பாலம் வர்ற படங்களுக்கு. நடுத்துண்டு ரெண்டா பிரிஞ்சு கை மாதிரி மேல தூக்கினா 1914ல திறந்த பழைய பாலம். துண்டு முழுசா நேரா மேல ஏறினா 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலம். பக்கத்துல ரோட்டுப் பாலமே இல்லேன்னா அந்தக் காட்சி 1988க்கு முந்தினது. கதை எந்த வருஷம்னு படம் சொல்லுதோ அதோட ஒப்பிட்டுப் பாருங்க.

கீழக்கரை_ரசிகை:
வல்லம் காக்கா (அண்ணன்) சொன்னது படகுக்கு. நான் பேச்சைப் பத்திச் சொல்றேன். டூரிஸ்ட் ஃபேமிலிக்கு (2025) 8 அதிகம், என் கணக்குல 7. இலங்கையில இருந்து படகேறி ராமேஸ்வரத்துல இறங்குற குடும்பம், வாயைத் திறந்தா எந்த ஊருன்னு தெரிஞ்சுடும்ங்கிற பயம். இந்தப் பயத்தைக் கதையோட அச்சாணியாக்கினது ரொம்ப நல்ல யோசனை. சசிகுமாரும் சிம்ரனும் அடக்கமா செய்திருக்காங்க. என் குறை, அக்கம்பக்கத்துல எல்லாரும் கொஞ்ச நேரத்துலயே நல்லவங்களா மாறிடுறாங்க. மண்டபம் அகதி முகாமைப் பக்கத்துல இருந்து பார்த்த ஊர்க்காரங்களுக்கு அது அவ்வளவு சுளுவா ஒட்டாது. ஆனா பிள்ளைங்களோட உட்கார்ந்து பார்க்க இதைவிட நல்ல படம் இந்தப் பட்டியல்ல இல்லை.

பட்டியல்ல விட்டுப்போனது கன்னத்தில் முத்தமிட்டால் (2002). 9 மார்க். சிறந்த தமிழ்ப் படம், குழந்தை நட்சத்திரம், இசை, பாடல் வரி, படத்தொகுப்பு, ஒலிப்பதிவுன்னு 6 தேசிய விருது வாங்கினது. ஒலிப்பதிவுக்கு விருது வாங்கின படத்தை டிவி ஸ்பீக்கர்ல கேக்காதீங்க, ஹெட்போன் போட்டுப் பாருங்க. பேச்சுலயும் ஒரு சோதனை இருக்கு. ஈழத்துப் பேச்சுன்னா வெறும் 'கதைக்கிறது', 'ஓம்' ரெண்டு சொல்லைத் தூவிட்டாப் போதும்னு நினைக்கிறாங்க. வினைமுற்றுல 'இருக்கிறியள்', 'செய்யிறியள்'னு வருதா, அது கடைசி வரைக்கும் நிக்குதா, இல்லை கோபம் வந்ததும் சென்னைத் தமிழுக்கு மாறிடுதான்னு பாருங்க. கோபத்துலயும் அழுகையிலயும்தான் நடிகரோட பயிற்சி தெரியும்.

பழசு பார்க்கிற பொறுமை இருந்தா செம்மீன் (1965), மலையாளம். மார்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு. குடியரசுத் தலைவரோட தங்கப் பதக்கம் வாங்கின படம். 9. நல்ல பிரதியாப் பார்த்து எடுங்க, நிறம் வெளுத்த பிரதியில பார்த்தா அந்தக் கடலே போயிடும்.

உச்சிப்புளி_டிவி:
அண்ணே, கடல் படத்துக்குப் போட்ட 5ஐ இப்போதைக்கு அழிச்சு வைங்க. 'விவிட்' கடைக்காக உள்ள மோட். ட்யூப்லைட் வெளிச்சத்துல பளிச்சுன்னு தெரியணும்னு வெள்ளையைத் தூக்கி, நிழலை நசுக்கிடும். புயல் காட்சியில இருக்கிறது எல்லாம் நிழல்தான். பிக்சர் மோடை 'சினிமா' அல்லது 'மூவி'க்கு மாத்துங்க. முதல்ல மஞ்சளடிச்ச மாதிரி தெரியும், பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல கண்ணு பழகிடும், உடனே திருப்பி மாத்திடாதீங்க.

இருட்டா இருக்குன்னு எல்லாரும் 'பிரைட்னஸ்' கூட்டுறாங்க. பல டிவியில அது கறுப்போட அளவு. கூட்டினா கறுப்பு சாம்பலாகும், ஆள் முகம் தெளியாது. வெளிச்சம் வேணும்னா கூட்ட வேண்டியது 'பேக்லைட்'. எகோ மோட், லைட் சென்சார் இருந்தா அணைங்க. அறையில விளக்கை அணைச்சதும் அது தானா திரையையும் மங்க வச்சுடும். மோஷன் ஸ்மூத்திங்கையும் அணைங்க. படம் நொடிக்கு 24 பிரேம். டிவி நடுவுல தானா பிரேம் போட்டு நிரப்பினா அலை எண்ணெய் மாதிரி வழுக்கி ஓடும், முழுப் படமும் சீரியல் மாதிரி ஆகிடும்.

இவ்வளவும் செய்தும் நிழல் மொத்தமா கரியா இருந்தா, செட்டாப் பாக்ஸும் டிவியும் வேற வேற கறுப்பு அளவுல பேசிக்குதுன்னு அர்த்தம். பாக்ஸ் 'ஃபுல்'லா அனுப்பி டிவி 'லிமிடெட்'டா எடுத்துக்கிட்டா நிழல் விழுங்கிடும். தலைகீழா இருந்தா எல்லாம் சாம்பலா வெளுக்கும். ரெண்டுலயும் 'லிமிடெட்' வைங்க. டிவியில அந்த மெனு 'எச்டிஎம்ஐ பிளாக் லெவல்'னு இருக்கும், சில டிவியில 'லோ'ன்னா லிமிடெட்.

இருட்டுல கட்டம் கட்டமா உடைஞ்சா அது நெட் வேகம். ராத்திரிக் கடல்ல ஒவ்வொரு அலையும் அசையுது, அதுக்கு நிறைய டேட்டா வேணும். முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ் நிலையா வரணும், மணிக்கு 3 ஜிபி வரை போகும். தினம் 1.5 ஜிபி பேக்ல ஒரு படம் முடியாது. வைஃபை உள்ள இடத்துல டவுன்லோட் பண்ணிட்டுப் பாருங்க.

பேச்சு கேக்காததுக்குக் காரணம் வேற. 5.1 ஒலியில (ஆறு ஸ்பீக்கருக்குப் பிரிச்சு அனுப்புற ஒலி) வசனம் நடு ஸ்பீக்கருக்கு, பாட்டும் அலையும் மத்த ஸ்பீக்கருக்கு. டிவியில இருக்கிறதே ரெண்டு, அதுவும் கீழ பார்த்து இருக்கும். எல்லாத்தையும் ரெண்டுக்குள்ள அமுக்கும்போது வசனம் அடியில போயிடும். ஆப்ல ஆடியோ மெனுவைத் திறந்து 5.1க்குப் பதிலா ஸ்டீரியோ எடுங்க. டிவியில 'நைட் மோட்' இருந்தா போடுங்க, அது பெரிய சத்தத்தைக் குறைச்சு சின்னதைத் தூக்கும். ஈக்வலைசர்ல 100 ஹெர்ட்ஸைக் கொஞ்சம் இறக்கி, 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை 2, 3 புள்ளி ஏத்துங்க. பேச்சோட மெய்யெழுத்துச் சத்தம் எல்லாம் அங்கதான் இருக்கு.

கரையோர வீட்டுக்குன்னு ஒண்ணு. படம் விட்டு விட்டு வந்தா, நிறம் திடீர்னு மாறினா, எச்டிஎம்ஐ கேபிளைக் கழட்டி முனையைப் பாருங்க. உப்புக் காத்துல பச்சை படிஞ்சிருக்கும். பிளக்கைச் சுவர்ல இருந்து எடுத்துட்டு, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல மெல்லிய பிரஷை நனைச்சுத் துடைச்சு, கால் மணி நேரம் காய விட்டு மாட்டுங்க. மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். டிவியைப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீங்க, ஈரம் உள்ளயே நிக்கும். பருத்தித் துணி போதும், அதையும் டிவி ஆறின பிறகு போடுங்க.

மண்டபம்_வடகரை:
உச்சிப்புளி தம்பி, எகோ மோட்தான் முக்காவாசிக் காரணம். அதை அணைச்சு, சினிமா மோட் வச்சதும் புயல்ல படகோட அணியம் (முன்பக்கம்) எந்தப் பக்கம் திரும்புதுன்னு தெரியுது. பாக்ஸும் 'ஃபுல்'லதான் இருந்துச்சு. கடல் 6.5. கதையில கடைசிப் பகுதி இன்னும் அவசரமாத்தான் தெரியுது, அதுக்கு மேல ஏத்த மாட்டேன். வல்லம் சொன்ன இடுப்புச் சாய்வைப் பார்த்துட்டு மரியானை 7 ஆக்கியாச்சு. நீர்ப்பறவை 7லயே நிக்குது, முதல் பாதிக் குடிக் காட்சிகள் நீளம்.

கீழக்கரை_ரசிகை:
அந்த நீளம் வேணும் அண்ணே. நாயகன் எவ்வளவு கீழ கிடந்தான்னு தெரிஞ்சாத்தானே, படகு வாங்க அலையுற இடம் கனக்கும். இரண்டாம் பாதியை மட்டும் ஒருதரம் தனியாப் பாருங்க, அப்புறம் மார்க் போடுங்க.