‘புட் ஆஃப்’ என்பதற்கு ‘போஸ்ட்போன்’ என்று மட்டும் படித்தால் போதுமா?

இளமதி:
ஆங்கிலத் தேர்வு ஒன்றுக்குப் படித்து வருகிறேன். என்னிடம் உள்ள பயிற்சிக் குறிப்பில் ‘புட் ஆஃப்’ என்ற ஃப்ரேசல் வெர்புக்கு, அதாவது வினையும் சிறு சொல்லும் சேர்ந்த கூட்டுக்கு, நேராக ‘போஸ்ட்போன்’ என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. கூட்டத்தை ஒத்திவைத்தார்கள் என்ற வாக்கியத்துக்கு அது சரியாகப் பொருந்துகிறது. ஆனால் ‘தி ஸ்மெல் புட் மீ ஆஃப்’ என்ற வாக்கியத்தை அதே குறிப்பைக் கொண்டு படித்தால், நாற்றம் என்னை ஒத்திவைத்தது என்று வருகிறது. இத்தகைய ஒருசொல் பட்டியல்களை மனப்பாடம் செய்வதில் பயன் உண்டா?

கரும்பலகை:
பயன் உண்டு, இளமதி. இவ்வகை வினைகள் அயல்மொழியினரை வாட்டுவது புதிதன்று. 1755இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், வினையோடு சிறு சொல் சேர்ந்து பொருள் மாறும் இந்தக் கூட்டுகள் அயலார்க்குப் பெருந்தொல்லை தருபவை என்று குறித்திருக்கிறார். 2007இல் கார்ட்னர், டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள், மிக அதிகமாகப் புழங்கும் 100 ஃப்ரேசல் வெர்ப்களுக்கு மொத்தம் 559 பொருள்கள் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். அத்தனையையும் தொடக்கத்திலேயே கொட்டினால் படிப்பவர் புத்தகத்தை மூடிவிடுவார். முதன்மையான பொருளுக்கு ஒரு நேர்ச்சொல்லைக் கொடுத்து, மற்றவை வாசிப்பில் தாமே வந்து சேரட்டும் என்று விடுவதே நடைமுறைக்கு ஒத்த வழி.

வினையெச்சம்:
ஐயா கரும்பலகை அவர்கள் முதன்மையான பொருள் என்று ஒன்றைப் பிரித்தெடுப்பதையே நான் மறுக்கிறேன். இங்கே பொருளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் செயப்படுபொருள்தான். கூட்டம், பயணம், மருத்துவரிடம் போவது என ஒரு நிகழ்வோ செயலோ அந்த இடத்தில் வந்தால் தள்ளிப்போடுதல் என்று பொருள். அந்த இடத்தில் ஓர் ஆள் வந்துவிட்டால் நிலைமை அடியோடு மாறுகிறது. ஒரு நாற்றமோ ஒருவருடைய நடத்தையோ நம்மைப் ‘புட் ஆஃப்’ செய்தால், அது நமக்கு வெறுப்பையோ தயக்கத்தையோ உண்டாக்குகிறது. அங்கே ‘டிடர்’, ‘டிஸ்கரேஜ்’, ‘ரிபெல்’ ஆகியவை நெருங்கி வரும். ‘ஆஃப்-புட்டிங்’ என்ற பெயரடையும் இந்தப் பொருளையே தாங்கி நிற்கிறது. அதே ஆள் பந்தை அடிக்கக் குறிபார்த்து நிற்கும்போது பின்னாலிருந்து யாரோ இருமி அவரைப் ‘புட் ஆஃப்’ செய்தால், அது கவனத்தைக் கலைத்தல், அதாவது ‘டிஸ்ட்ராக்ட்’. கடன் கொடுத்தவர் வந்து நிற்கையில் ஏதோ சாக்குச் சொல்லி அனுப்பிவைப்பதும் ‘புட் ஆஃப்’ தான்; தமிழில் அதைத் தட்டிக்கழித்தல் என்போம். இவற்றுள் எதற்கும் ‘போஸ்ட்போன்’ பொருந்தாது.

நேர்ச்சொல்லால் இலக்கணமும் தெரியவராது. ‘போஸ்ட்போன் இட்’ என்று பழகியவர் அதே வரிசையில் ‘புட் ஆஃப் இட்’ என்று எழுதுவார். பிரதிப்பெயர் நடுவில் வந்து ‘புட் இட் ஆஃப்’ என்றிருந்தால்தான் சரி. ‘டிடர்’ என்பதற்குப் பின் ‘ஃப்ரம்’ வேண்டும். ‘புட் மீ ஆஃப் ஈட்டிங்’ என்பதில் அதற்கு இடமில்லை.

கரும்பலகை:
நான்கு பொருளையும் வினையெச்சம் எப்படி விளக்கினார் என்று கவனியுங்கள்: ஒவ்வொன்றுக்கும் ஒரு நேர்ச்சொல்லைக் கொடுத்துத்தான். அப்படியானால் குறை பட்டியலின் நீளத்தில்தான் இருக்கிறது. பட்டியல் போடும் முறையில் இல்லை. தமிழில் ‘கண்டுபிடி’, ‘விட்டுக்கொடு’ என்பவற்றை நாம் யாரும் காண்பது, பிடிப்பது, விடுவது, கொடுப்பது என்று பகுத்துப் பார்த்துக் கற்கவில்லை, முழுச்சொல்லாகவே கற்றோம். மேலும் ‘கால் ஆஃப்’ என்பதையும் ‘புட் ஆஃப்’ என்பதையும் குழப்பிக்கொள்வோர் ஏராளம். முன்னது ‘கேன்சல்’, பின்னது ‘போஸ்ட்போன்’ என்று எழுதிக் காட்டினால் அந்தக் குழப்பம் ஒரே வரியில் தீர்ந்துவிடுகிறது.

ஒட்டுச்சொல்:
இருவரும் ‘ஆஃப்’ என்ற துகளைப் பேசாமல் விட்டுவிட்டீர்கள். அதன் அடிப்படை விலகல். படகு கரையை விட்டு நீங்குவதும் ‘புட் ஆஃப்’, பயணியைப் பேருந்திலிருந்து இறக்கிவிடுவதும் ‘புட் ஆஃப்’. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் மோசேயிடம் காலணிகளைக் கழற்றச் சொல்லும் இடத்திலும் இதே வினைதான் வருகிறது. நாளை விலக்கினால் ஒத்திவைப்பு, விருப்பத்தை விலக்கினால் வெறுப்பு, கவனத்தை விலக்கினால் சிதறல். இந்த ஒரு சரட்டைப் பிடித்துக்கொண்டால் பட்டியலே தேவைப்படாது.

வினையெச்சம்:
விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் பொருள் தெரிந்த பிறகுதான் அந்தச் சரடு கண்ணுக்குத் தெரிகிறது. விளக்கு ‘கோஸ் ஆஃப்’ என்றால் அணைகிறது, அலாரம் ‘கோஸ் ஆஃப்’ என்றால் ஒலிக்கத் தொடங்குகிறது. வினை ஒன்று, துகள் ஒன்று, பொருளோ எதிரெதிர். விலகல் என்ற குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தெரியாத ஒருவர் ஊகிக்க முடியுமா?

கரும்பலகை அவர்களின் பட்டியலை நீட்டினாலும் சிக்கல் தீராது; ஏனெனில் ஒருபொருட் சொற்கள் என்று வரிசைப்படுத்தப்படுபவை தங்களுக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை. ‘அட்ஜர்ன்’ என்பது பெரும்பாலும் தொடங்கிவிட்ட கூட்டத்தையோ வழக்கு விசாரணையையோ இடைநிறுத்திப் பிறகு தொடர்வதற்கு உரியது. ‘டிஃபர்’ என்பது பணம் செலுத்துதல், சேர்க்கை, முடிவு போன்றவற்றோடு இயல்பாக வரும் அலுவல்மொழி. நாளை என்று பொருள்படும் ‘கிராஸ்’ என்ற லத்தீன் சொல்லை உள்ளே வைத்திருக்கும் ‘புரோகிராஸ்டினேட்’ செயப்படுபொருளை எளிதில் ஏற்காது; அதோடு சோம்பல் என்ற குற்றச்சாட்டையும் சுமந்து வரும். ‘போஸ்ட்போன்’ சாய்வற்ற சொல். யாரோ முடிவெடுத்து நாளை மாற்றினார்கள் என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. ‘புட் ஆஃப்’ என்பதிலோ செய்ய மனமில்லாத ஒரு தயக்கம் அடிக்கடி ஒட்டிக்கொண்டிருக்கும். பாத்திரம் கழுவுவதைப் ‘போஸ்ட்போன்’ செய்தேன் என்று ஆங்கிலத்தில் பேசுபவர், வீட்டுக்குள் சுற்றறிக்கை வாசிப்பவர் போலத் தோன்றுவார்.

1985இல் டாகுட், லாஃபர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், ஹீப்ரு மொழி மாணவர்கள் ஃப்ரேசல் வெர்ப்களைத் தவிர்த்து ஒற்றைச்சொல் வினைகளையே நாடியதாகத் தெரியவந்தது. மாணவர்களின் தாய்மொழியில் அந்த அமைப்பு இல்லாததை ஆய்வாளர்கள் காரணமாகக் காட்டினார்கள். தமிழிலும் அது இல்லை. அந்தத் தவிர்ப்புக்கு நாமே பட்டியல் போட்டு உதவ வேண்டுமா?

இளமதி:
அப்படியானால் குறிப்பேட்டில் நேர்ச்சொல்லுக்குப் பதிலாக நிகழ்வுக்கு ஒன்று, வெறுப்புக்கு ஒன்று, கவனச் சிதறலுக்கு ஒன்று, சாக்குச் சொல்வதற்கு ஒன்று என நான்கு வாக்கியங்களை எழுதிக்கொள்கிறேன். ஒவ்வொன்றிலும் செயப்படுபொருளை அடிக்கோடிடலாம் என்று நினைக்கிறேன்.

கரும்பலகை:
எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் பட்டியலைக் கிழித்துவிடாதீர்கள். தேர்வுத்தாளில் கோடிட்ட வினைக்கு ஈடான ஒரு சொல்லைத்தான் கேட்பார்கள். அங்கே நான்கு வாக்கியங்களை நினைவுக்குக் கொண்டுவர நேரம் இருக்காது.

வினையெச்சம்:
அந்தக் கேள்வியில் ‘போஸ்ட்போன்’, ‘டிஸ்ட்ராக்ட்’ இரண்டுமே விடைகளாகக் கொடுக்கப்பட்டிருந்தால், வாக்கியத்தின் செயப்படுபொருளைப் பார்க்காமல் உங்கள் பட்டியல் எதைத் தேர்ந்தெடுக்கும்?