புதுப்பிப்பு: கெட்டமின் ஏற்ற ஆரம்பித்தாயிற்று

எந்த மாத்திரைக்கும் அசையாத மனச்சோர்வுக்குக் கெட்டமின் என்ற மயக்க மருந்தை ஏற்றிக்கொள்ளலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சரி, ஆரம்பித்துவிட்டேன்.

உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், 40 நிமிடத்தில் மெதுவாக நரம்பில் ஏறுகிறது. ரத்த அழுத்தப் பட்டை அவ்வப்போது கையை இறுக்கும். நர்ஸ் பக்கத்திலேயே இருப்பார். பாதியில் என் விரல்கள் வேறு யாருடையவோ போலத் தெரிந்தன. பயம் இல்லை, விநோதம்தான். அப்புறம் கொஞ்சம் குமட்டல். அன்று வண்டி ஓட்டக் கூடாது.

பலன் உண்டு: காலையில் பல் தேய்க்க எழுந்திருக்க முடிகிறது. ஆனால் ஒன்றிரண்டு வாரத்தில் கரைந்துவிடலாம் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார், அதனால்தான் தொடர்ச்சியாக ஏற்றுகிறார்கள்.

பி.டி.எஸ்.டி. (பெரிய அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனப் பாதிப்பு) பற்றிக் கேட்டவர்களுக்கு: அதில் ஆய்வு முடிவுகள் இன்னும் கலவையாகத்தான் இருக்கின்றன. என் கெட்ட கனவுகளும் குறையவில்லை, கவுன்சலிங் தொடர்கிறது. வீட்டிலேயே தனியாக எடுக்கலாமா என்றவருக்கு: வேண்டவே வேண்டாம்.