மீமீட்சியா, ஈட்டமா? லேசரில் கிளர்ந்த அணுவோடு மோதும் எலக்ட்ரானுக்கு ஒரு சொல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். ஆற்றல் ஏற்றப்பட்டுக் கிளர்ந்த அணுவோடு மோதும் எலக்ட்ரான், அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டு வெளியேறுவதை ஆங்கிலத்தில் superelastic scattering என்பார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும்போது ஐயா ஒருவர் சொன்னது இது:

> ‘மீ’ நமக்குப் பழகிய முன்னொட்டுதானே? மீக்கடத்தி, மீயொலி போல ‘மீமீட்சிச் சிதறல்’ என்றே வைத்துவிடலாம்.

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. மோதலுக்கு முன்னிருந்த இயக்க ஆற்றல் பின்னும் அப்படியே இருந்தால் மீட்சி மோதல். குறைந்தால் மீட்சியற்ற மோதல். கூடினால் மீட்சிக்கும் மேலே, ஆகவே மீமீட்சி. கணக்கு சரிதான், இருந்தும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

அங்கே நடப்பதைப் பாருங்கள். சிறு உலையில் சோடியத்தைச் சூடாக்கி, அதன் ஆவியை மெல்லிய கற்றையாக வெற்றிட அறைக்குள் விடுகிறார்கள். 589 நானோமீட்டருக்குச் சரியாக இசைத்த லேசர் குறுக்கே பாய்ந்ததும், இரண்டும் சந்திக்கும் இடம் மட்டும் பழைய தெருவிளக்கின் மஞ்சளில் ஒளிர்கிறது. கிளர்ந்த சோடியம் அணு சுமார் 16 நானோநொடியில் அடிநிலைக்கு இறங்கிவிடும். லேசர் அதை விடாமல் மறுபடி மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். அந்த மஞ்சள் புள்ளிக்குள் 10 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு ஓர் எலக்ட்ரான் நுழைகிறது (இலங்கை நண்பர்கள் இலத்திரன் என்று வாசித்துக்கொள்ளலாம்). வெளியே வரும் சிலவற்றிடம் 12.1 இருக்கிறது. கூடிய 2.1 அணு கொடுத்தது. ஒளியாக வெளியே போயிருக்க வேண்டியதை எலக்ட்ரான் வாங்கிக்கொண்டு போய்விட்டது.

லேசர் பிறப்பதற்கு வெகுமுன்பே, 1921-இல், இயற்பியலாளர்கள் கிளைனும் ரோஸ்லாண்டும் இதைச் சொல்லிவிட்டார்கள். 1914-இல் ஃபிராங்க், ஹெர்ட்ஸ் சோதனையில் எலக்ட்ரான்கள் பாதரச அணுக்களிடம் 4.9 எலக்ட்ரான் வோல்ட் இழந்ததைப் பார்த்தாயிற்று. இழப்பு மட்டுமே நடந்துகொண்டிருந்தால் வெப்பச் சமநிலை நிற்காது, எதிர்த்திசையிலும் நடந்தே ஆகவேண்டும் என்பது அவர்களுடைய வாதம். அன்று அதற்கு வழங்கிய பெயர் ‘இரண்டாம் வகை மோதல்’. ஆக, இது இழப்பின் மறுதலை. கொடுக்கல் வாங்கலில் வாங்கல் பக்கம். ‘மீமீட்சி’ என்று சொன்னால் அந்த உறவு காதில் விழவே இல்லை.

ஆய்வுக்கும் அந்த உறவுதான் உயிர். மோதலில் கிளரும் அணுவின் எலக்ட்ரான் முகில் எந்த வடிவம் கொள்கிறது என்று அறிய, அணுவைக் கிளர்த்திய எலக்ட்ரானையும், அந்த அணு உமிழும் ஃபோட்டானையும் சேர்த்துப் பிடித்து எண்ணுவது ஒரு வழி. அதற்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1970-களில் ஜெர்மனியில் ஹெர்ட்டலும் ஸ்டோலும் அதே நிகழ்வைத் தலைகீழாக ஓட்டினார்கள். லேசர் ஒளியின் முனைவாக்கத்தை (ஒளியலை அதிரும் திசையை) திருப்பினால், கிளர்ந்த அணுவின் எலக்ட்ரான் முகில் எந்தப் பக்கம் நீண்டிருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கலாம். பிறகு, ஆற்றல் கூடி வரும் எலக்ட்ரானை மட்டும் எண்ணினால் போதும். இரண்டு வழியிலும் கிடைப்பது ஒரே விவரம்தான். என்ன அழகான யோசனை!

இன்னொரு தடையும் உண்டு. நிட்டினால் என்னும் நிக்கல்–டைட்டானியம் உலோகக்கலவை, மற்ற உலோகங்களைவிட மிகுதியாக வளைத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். பல்லைச் சீராக்கக் கட்டும் கம்பியில் இருப்பது அதுதான். அந்தப் பண்புக்கும் ஆங்கிலத்தில் இதே superelastic என்ற பெயர். உண்மையிலேயே மிகுதியாக மீளும் பொருளுக்குத்தான் ‘மீமீட்சி’ கச்சிதமாகப் பொருந்துகிறது. அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

நான் முதலில் ‘கொடுமோதல்’, ‘கொள்மோதல்’ என்று இணை கட்டிப் பார்த்தேன். கொடுமோதல் என்றதும் கொடுமையான மோதல் என்றுதான் படுகிறது. அப்புறம் ‘பெறுமோதல்’ என்று பார்த்தேன், அதோடு ‘சிதறல்’ சேர்த்தால் நாக்கு தடுக்குகிறது. கடைசியில் வந்து நின்ற இடம் இது: எலக்ட்ரான் ஆற்றலை இழந்தால் இழப்புச் சிதறல், ஈட்டினால் ஈட்டச் சிதறல். இரண்டுக்கும் பொதுப்பெயராக ‘மீட்சியற்ற’ அப்படியே இருக்கட்டும். இயக்க ஆற்றல் மாறாமல் இருப்பதுதான் மீட்சி என்றால், கூடுவதும் மீட்சியற்றதுதானே.

பெருக்கி எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதற்கும் (gain) சிலர் ‘ஈட்டம்’ என்கிறார்கள், லேசர் ஊடகத்துக்கும் அந்தச் சொல் வரும். ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால் குழப்பம்தான். அதனால் முதல் இடத்தில் ‘ஆற்றல் ஈட்டச் சிதறல்’ என்று முழுதாக எழுதி, பிறகு சுருக்கிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘லேசரால் கிளர்ந்த சோடியத்தில் ஈட்டச் சிதறலை 20 பாகைக் கோணத்தில் அளந்தனர்.’ எனக்கு உறுத்தவில்லை. உங்களுக்கு?