ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் வீட்லயே மாத்தலாமா? தெரிஞ்சவங்க உதவுங்க

நெடுவழி:
வணக்கம். என் வண்டி ஆறு கியர் ஆட்டோமேட்டிக், டார்க் கன்வெர்டர் (இஞ்சின் விசைய ஆயில் மூலமா கியர்பாக்ஸுக்குக் கடத்துற பாகம்) டைப், சிவிடி, ஏஎம்டின்னு வர்ற மத்த ஆட்டோமேட்டிக் வகை இல்ல. 1,10,000 கிமீ ஓடிருச்சு, ஆனா கியர் ஆயில் மாத்துனதா சர்வீஸ் புக்ல எங்கயுமே இல்ல. காலைல எடுத்த உடனே ரெண்டாவதுல இருந்து மூணாவதுக்கு மாறும்போது லேசா ஒரு உதறல் வருது, வண்டி சூடானா தெரியல. ஒர்க்‌ஷாப்ல சொன்ன தொகை ரொம்ப அதிகமா இருக்கு, அதுல பாதிக்கு மேல கூலி தான். இஞ்சின் ஆயில், பிரேக் பேட் எல்லாம் நானே தான் மாத்துறேன், ஸ்டாண்டு நாலு இருக்கு, சின்ன டார்க் ரெஞ்சும் இருக்கு. பிரச்சனை என்னன்னா இதுல டிப்ஸ்டிக் கிடையாது, லெவல் எப்படி பாக்குறதுன்னே புரியல. இவ்ளோ ஓடுனதுக்கு அப்புறம் ஆயில் மாத்துனா கியர்பாக்ஸே போயிடும்னு வேற ஒருத்தர் சொல்றார். உண்மையா?

மலைப்பாதை:
ப்ரோ, என் கருத்து, தொடாதீங்க. எனக்குத் தெரிஞ்சவர் வண்டில ஆயில் மாத்துன கொஞ்ச நாள்லயே கியர் பிடிக்காம போச்சு. கம்பெனியே ஆயுள் முழுக்க மாத்த வேணாம்னு சொல்லும்போது எதுக்கு வம்பு?

கிரீஸ்கை:
தம்பி மலைப்பாதை, நீங்க சொன்ன மாதிரி கேஸ் நிறைய வரும், ஆனா காரணம் வேற. முக்காவாசி பேர் கியர் வழுக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் தான் ஆயில் மாத்தவே வருவாங்க. உள்ள கிளட்ச் ஏற்கனவே தேஞ்சிருக்கும், அதுக்கு புது ஆயில் ஒண்ணும் பண்ண முடியாது, பழி மட்டும் ஆயில் மேல விழும். ஆயுள் முழுக்கன்ற பேச்சும் அப்படித்தான், பல கார் கம்பெனிக்கு கியர்பாக்ஸ் செஞ்சு குடுக்குற இஸட்எஃப் காரங்களே ஓட்டுற விதத்தப் பொறுத்து 80,000ல இருந்து 1,20,000 கிமீக்குள்ள, இல்லன்னா அதிகபட்சம் 8 வருஷத்துல மாத்தச் சொல்றாங்க.

நெடுவழி, உங்க வண்டி வழுக்கல, உதறுது மட்டும் தான், அதுவும் ஆறிக் கிடக்கும்போது. மாத்தலாம். ஆனா ஸ்பேனர் எடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. மொதல்ல, உங்க மாடல்ல பேனை, அதாவது கியர்பாக்ஸ் அடில இருக்குற ஆயில் தட்டக் கழட்டுனா ஃபில்டர் கைக்கு வருதா? சில கியர்பாக்ஸ்ல, ஜிஎம் 6டி40 மாதிரி, ஃபில்டர் உள்ள இருக்கும், கியர்பாக்ஸ இறக்கிப் பிரிச்சா தான் வரும், அதுல ஆயில் மட்டும் தான் வீட்ல மாத்த முடியும். சிலதுல பேனும் ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் பீஸா வரும், மொத்தமா வாங்கணும்.

அடுத்தது ஆயில். சிவப்பா இருக்குறதெல்லாம் ஒண்ணு இல்ல. டெக்ஸ்ரான் 6, மெர்கான் எல்வி, டொயோட்டா டபிள்யூஎஸ், ஏடிஎஃப் பிளஸ் 4 இதெல்லாம் தனித்தனி. டெக்ஸ்ரான் 6 வந்தது 2005ல, அத பழைய டெக்ஸ்ரான் 3 கேக்குற வண்டில ஊத்தலாம், ஆனா 6 கேக்குற வண்டில 3 ஊத்தக்கூடாது. எல்லா வண்டிக்கும் சேரும்னு டப்பால போட்டிருக்குறத நம்பாதீங்க, மேனுவல்ல இருக்குற பேரப் பாத்து வாங்குங்க. காசு மிச்சம் பண்ணணும்னா கூலில பண்ணுங்க, ஆயில்ல பண்ணாதீங்க.

சாரல்:
நான் என் வண்டிக்கு நானே தான் பண்றேன். கிரீஸ்கை அண்ணா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கோங்க, ஊத்துற போல்ட்ட முதல்ல லூஸ் பண்ணிப் பாருங்க, அது கழண்டு வந்தா மட்டும் கீழ ட்ரெயின் போல்ட்ல கை வைங்க. ஆயில எல்லாம் இறக்கிட்டு மேல போல்ட் துரு புடிச்சு வரலன்னா வண்டி அங்கயே நிக்கும்.

வடியுற ஆயில அளவு போட்ட பாத்திரத்துல புடிங்க. எவ்ளோ வந்துச்சோ அவ்ளோ தான் திரும்ப முதல்ல ஊத்தணும். பேன்ல இருந்து மொத்த ஆயில்ல பாதி கூட வராது, மீதி டார்க் கன்வெர்டர்லயும் கூலர்லயும் நிக்கும், பயப்படாதீங்க.

நெடுவழி:
ரொம்ப நன்றி அண்ணா, சாரல் அக்கா. ஃபில்டர் கைக்கு வர்ற மாடல் தான், செக் பண்ணிட்டேன். ஆயில், ஃபில்டர், பேன் பேக்கிங், வாஷர் எல்லாம் வாங்கிட்டேன். இப்ப வண்டி நாலு ஸ்டாண்டு மேல நிக்குது, ஊத்துற போல்ட் ஈஸியா வந்துருச்சு. கீழ போல்ட்ட கழட்டினேன், ஒரு டம்ளர் அளவுக்கு வந்து நின்னு போச்சு! அவ்ளோ தான் இருக்கா? ஆயில் இல்லாமயா ஓட்டிட்டு இருந்தேன்?

சாரல்:
இல்ல இல்ல. போல்ட் இருந்த ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, உள்ள பிளாஸ்டிக் குழாய் ஒண்ணு நிக்கும், அதுக்கு ஆலன் கீ போடுற மாதிரி ஆறு முனை இருக்கும். அதான் லெவல் குழாய். அதுக்கு மேல இருந்தது மட்டும் தான் இப்ப வந்திருக்கு. அதையும் திருகி எடுங்க, மீதி கொட்டும். கைய ஓரமா வைங்க, வண்டி ஓடி வந்ததுன்னா ஆயில் சுடும்.

நெடுவழி:
ஆமா அக்கா, அதே தான்! மொத்தம் 3.4 லிட்டர் வந்துச்சு. கருஞ்சிவப்பா இருக்கு, தீஞ்ச வாடை இல்ல. பேனையும் இறக்கிட்டேன், உள்ள நாலு காந்தம், நாலு மேலயும் சாம்பல் கலர்ல கெட்டியா மை மாதிரி அப்பிருக்கு, விரல்ல தேச்சா நெறநெறன்னு இல்ல, வழுவழுன்னு போகுது. இது நல்லதா கெட்டதா?

இன்னொரு பிரச்சனை. புது ஃபில்டர் கழுத்து மேல போய் உக்கார மாட்டேங்குது. எவ்ளோ அமுக்கினாலும் அரை விரல் இடைவெளி நிக்குது. தப்பான ஃபில்டர் குடுத்துட்டாங்களா? பழசும் புதுசும் பக்கத்துல வச்சுப் பாத்தா ஒரே மாதிரி தான் இருக்கு.

கிரீஸ்கை:
தம்பி, அமுக்குறத நிறுத்துங்க. பழைய ஃபில்டர் கழுத்துல ரப்பர் ஓ-ரிங் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா அது மேல ஓட்டைக்குள்ளயே ஒட்டிக்கிட்டு நிக்குது, ரெண்டு ரிங் ஒரே இடத்துல எப்படி உக்காரும்? டார்ச் அடிச்சா கருப்பா ஒரு வளையம் தெரியும். கூரான ஸ்க்ரூ ட்ரைவர் போட்டு நோண்டாதீங்க, அது அலுமினியம், ஒரு கீறல் விழுந்தா பம்ப் அந்த வழியா காத்த இழுக்கும், அப்புறம் கியர் பிடிக்க லேட்டாகும், சத்தமும் வரும். முனை மழுங்குன கொக்கி இல்லன்னா பிளாஸ்டிக் குச்சி வச்சு ஒரு ஓரத்த உள்பக்கமா மடிச்சு இழுங்க, சுருண்டு வந்துடும். புது ரிங்ல அதே கியர் ஆயில தொட்டுத் தடவி கையால அமுக்குங்க, டப்புன்னு உக்காரும்.

காந்தத்துல அந்த வழுவழு சாம்பல் சேறு இவ்ளோ ஓடுன வண்டில இருக்க வேண்டியது தான். தகடு தகடா, ஊசி ஊசியா இரும்பு இருந்தா தான் கவலை. காந்தத்த துடைச்சு அதே இடத்துல வைங்க. பேனுக்குள்ள நூல் விடுற துணியால துடைக்காதீங்க, அந்த நூல் போய் வால்வ் பாடில, அதாவது ஆயில திருப்பி விட்டு கியர் மாத்துற பாகத்துல மாட்டும்.

பேன் போல்ட் தான் நிறைய பேர் கெடுக்குற இடம். பொதுவா 7ல இருந்து 12 நியூட்டன் மீட்டர் தான் வரும், உங்க வண்டிக்கு சரியான அளவ மேனுவல்ல பாத்துக்கோங்க. ஒரே பக்கமா இறுக்காம குறுக்கும் நெடுக்குமா ரெண்டு சுத்தா இறுக்குங்க. கூட இறுக்குனா பேக்கிங் பிதுங்கி கிழியும், அதுக்கு மேல போனா மரை போயிடும். ரப்பர் பேக்கிங்கா இருந்தா சிலிக்கான் எல்லாம் தடவாதீங்க.

நெடுவழி:
அண்ணா நீங்க தெய்வம்! ரிங் மேல தான் ஒட்டிருந்துச்சு. ஃபில்டர் உக்காந்துருச்சு, பேன் போட்டாச்சு, லெவல் குழாயையும் திரும்ப மாட்டி 3.4 லிட்டர் ஊத்திட்டேன். இப்ப லெவல் பாக்கணும். மேனுவல்ல 35ல இருந்து 45 டிகிரின்னு போட்டிருக்கு. அவ்ளோ துல்லியமா பாக்கணுமா?

கிரீஸ்கை:
பாக்கணும், மொத்த வேலையும் இதுல தான் இருக்கு. ஆயில் சூடானா விரியும், 8 லிட்டர் ஆயில் 20ல இருந்து 80 டிகிரிக்குப் போனா 300, 400 மில்லி கூடிடும். ஆறிக் கிடக்கும்போது லெவல் பாத்தா கூட ஊத்திடுவீங்க, ஓடும்போது நுரைக்கும். கொதிக்கக் கொதிக்கப் பாத்தா நல்ல ஆயிலே வழிஞ்சு போய் கம்மியாயிடும். இஞ்சினும் ஓடிட்டு இருக்கணும், ஏன்னா பம்ப் சுத்துனா தான் கன்வெர்டர் நிறையும். இஞ்சின நிறுத்திட்டுப் பாத்தா நிறைஞ்ச மாதிரி காட்டும், உண்மைல கம்மியா இருக்கும்.

ஓபிடி ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டர்ல இருக்குறதப் படிக்கிற கருவி) மாட்டி கியர்பாக்ஸ் ஆயில் சூட்டப் பாருங்க, இஞ்சின் தண்ணி சூடு வேற, அத எடுத்துக்காதீங்க. வண்டி நாலு பக்கமும் மட்டமா இருக்கணும். கீழ யாரும் இல்லாதப்ப, பிரேக்க நல்லா மிதிச்சுக்கிட்டு பி, ஆர், என், டின்னு ஒவ்வொண்ணுலயும் கொஞ்ச நேரம் நிறுத்தி திரும்ப பிக்கு வாங்க. அப்புறம் ஹேண்ட் பிரேக் போட்டுட்டு, சூடு வந்ததும் லெவல் போல்ட்ட, அதான் கீழ இருக்குற அதே ட்ரெயின் போல்ட்ட திறங்க, உள்ள குழாயத் தொடாதீங்க. ஒண்ணுமே வரலன்னா மேல கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. வழிஞ்சு, நூல் மாதிரி ஆகி, சொட்டு சொட்டா மாறுனதும் மூடுங்க.

மலைப்பாதை:
அண்ணா, அப்ப மிஷின் வச்சு ஃப்ளஷ் பண்ணா ஒரே தடவைல மொத்தமும் மாறிடுமே?

கிரீஸ்கை:
மாறும், ஆனா எப்பவுமே மாத்தாத வண்டிக்கு நான் அத சொல்ல மாட்டேன். வடிச்சு ஊத்துறத திரும்பப் பண்ணுனா போதும். மொத்தம் 8 லிட்டர்னு வைங்க, ஒரு தடவைக்கு 3.4 வந்தா 42 சதவீதம் புதுசு, ரெண்டாவதுல 67, மூணாவதுல 80 தாண்டிடும். பேன திரும்ப கழட்ட வேணாம், போல்ட்டும் குழாயும் மட்டும் தான்.

நெடுவழி:
முதல்ல சொட்டல, 200 மில்லி கிட்ட ஊத்துனதும் வழிஞ்சுது, 41 டிகிரில மூடிட்டேன். இன்னைக்குக் காலைல ஓட்டிப் பாத்தேன், உதறல் ரொம்பவே குறைஞ்சிருக்கு, ஆனா முழுசா போகல. டி போட்டா உடனே பிடிக்குது.

சாரல்:
சூப்பர்! மீதி உதறலுக்கு இப்பவே கவலப்படாதீங்க, பழைய ஆயில் பாதிக்கு மேல இன்னும் உள்ள இருக்கு. கொஞ்ச நாள் ஓட்டிட்டு ரெண்டாவது தடவ வடிங்க. அதுக்கு நடுவுல பேன் ஓரத்த வெள்ளைப் பேப்பர் வச்சு ஒத்திப் பாருங்க, சிவப்பா கறை பட்டா கசியுதுன்னு அர்த்தம், இந்த ஆயில் எரிஞ்சு குறையாது, குறைஞ்சா கசிவு தான். பழைய ஆயில சாக்கடைல ஊத்திடாதீங்க, மூடி போட்ட கேன்ல வச்சு பழைய ஆயில் எடுக்குற இடத்துல குடுத்துடுங்க.

கிரீஸ்கை:
ரெண்டாவது தடவைக்கு அப்புறமும் உதறல் இருந்தா ஸ்கேனர்ல கியர் அடாப்டேஷன், அதாவது கியர் மாத்துறதப் பத்தி வண்டி கம்ப்யூட்டர் பழகி வச்சிருக்குறத ரீசெட் பண்ணிப் பாருங்க, இஞ்சின் மவுண்ட்டையும் ஒரு தடவ ஆட்டிப் பாருங்க, அது தளர்ந்தாலும் இதே மாதிரி தான் உதறும்.